மட்டையில் ஒட்டிய பெயர்

ஒரகடத்துப் பக்கம் 'காண்ட்ராக்ட்' என்ற சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். பெண் கொடுக்கப் போகிற இடத்தில் 'பையன் கம்பெனியிலா, காண்ட்ராக்டிலா' என்று கேட்டுவிட்டால் பிறகு ஜாதகத்தைக்கூடச் சாவகாசமாகப் பார்த்துக்கொள்ளலாம். கம்பெனி என்றால் நிரந்தரம், போனஸ், கேட் கூட்டத்தில் பேசுவதற்கு ஒரு வாய். காண்ட்ராக்ட் என்றால் அடையாள அட்டையின் நாடா வேறு நிறம். சில மாதங்களுக்கு ஒருமுறை பெயர் ஒரு பதிவேட்டிலிருந்து மறைந்து இன்னொரு பதிவேட்டில் முளைக்கும். இதே சொல் செய்தித்தாளின் கடைசிப் பக்கத்தில் வேறு ஜாதியைச் சேர்ந்தது. அங்கே காண்ட்ராக்ட் கிடைத்தவன் அதிர்ஷ்டசாலி. எட்டு வருஷத்துக்கு நூறு கோடி என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். நிரந்தர உத்தியோகம் என்றால் அந்த உலகத்தில் ஆட்டம் முடிந்தவன் போய் உட்காருகிற நாற்காலி.

முரண்களைக் கண்டதும் பல்லை இளிப்பது நம்மைப் போன்றவர்களுக்கு ஒரு வியாதி. அதற்காக இதை எழுதவில்லை. இருபது வருஷமாக இந்தச் சாலையில் சம்பளப் பட்டியல் போடுகிறவன் நான். ஒரு மனிதனின் நாள், அவன் உடம்பின் எட்டு மணி நேரம், எந்தெந்தக் கட்டங்களில் விழுந்து என்ன எண்ணாக வெளியே வருகிறது என்பது என் கைக்குப் பழக்கமான விஷயம். விளையாட்டு வீரனின் பணத்தைப் பற்றிப் படிக்கும்போதும் கை அந்தக் கட்டங்களைத்தான் தேடுகிறது. அடிப்படைச் சம்பளம் எது, படி எது, பிடித்தம் எது, காயம் பட்டால் யார் தலையில்.

முதலில் டயரைப் பற்றி. இந்த வட்டாரத்துக்கு ராமானுஜர் பிறந்த இடம் என்றும், 1991-ல் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட இடம் என்றும் இரண்டு அடையாளங்கள் இருந்தன. இப்போது மூன்றாவது உண்டு: கார், அதன் உறுப்புகள், அதைத் தாங்குகிற ரப்பர். அப்போலோ டயர்ஸின் ஒரகடம் தொழிற்சாலை 2010-ல் உற்பத்தி தொடங்கியது. ஜே.கே. டயரும் சியட்டும் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் இருக்கின்றன. எம்.ஆர்.எஃப். இந்தச் சாலையில் இல்லை. அது திருவொற்றியூரில் 1946-ல் பலூன் செய்கிற கொட்டகையாக ஆரம்பித்த பழைய சென்னைக் கம்பெனி. விளையாட்டைச் சற்றே கவனிக்கிறவனுக்கும் இந்தப் பெயர்களை வரிசையாகச் சொன்னால் டயர் ஞாபகம் வராது. மட்டை ஞாபகம் வரும். டெண்டுல்கர், லாரா, ஸ்டீவ் வா, கோலி, 2025-லிருந்து கில் என்று எம்.ஆர்.எஃப். ஒட்டு கை மாறிக்கொண்டே வந்திருக்கிறது. ரோஹித் சர்மாவின் மட்டையில் சியட். நாராயண் கார்த்திகேயனின் ஆரம்பகாலக் கார்களில் ஜே.கே. 2025 செப்டம்பரிலிருந்து இந்திய கிரிக்கெட் அணியின் சட்டையில் அப்போலோ.

டயர்க்காரர்களுக்கு ஏன் இந்தப் பைத்தியம் என்று யோசித்திருக்கிறேன். பதில் வெகு ஸ்தூலமானது. கார்த் தொழிற்சாலைக்கு டயர் விற்கப் பெயர் வேண்டாம். அளவும் விலையும் தரமும் போதும், பொறியாளன் பரிசோதித்து வாங்கிக்கொள்வான். லாபம் இருப்பது தேய்ந்துபோன டயரை மாற்ற வருகிறவனிடம். நெடுஞ்சாலை ஓரத்துக் கடையில் நிற்கிற லாரிக்காரன் முன்னால் எல்லாம் கறுப்பு, எல்லாம் வட்டம். உள்ளே என்ன கலவை, எத்தனை அடுக்கு நூல் என்று பார்த்துச் சொல்ல அவனால் முடியாது. அந்த இருட்டில் கைக்குத் தட்டுப்படுவது பெயர் ஒன்றுதான். ஆகவே அந்தப் பெயர் உலகத்திலேயே அதிகம் பார்க்கப்படுகிற ஓர் அடி அகலமில்லாத மரப்பலகையில் ஏறுகிறது. நேர் டிரைவ் அடித்து மட்டை அப்படியே காமிராவைப் பார்த்து நிற்கும்போது, அந்த ஒரு வினாடிக்குத்தான் வாடகை. மட்டையைச் செதுக்கியவன் மீரட்டிலோ ஜலந்தரிலோ இருக்கிறான். அவன் பெயர் அதில் இருக்காது.

1996 உலகக் கோப்பையில் டெண்டுல்கரின் மட்டை வெறுமையாக இருந்தது. ஒப்பந்தம் எதுவும் இல்லாத மட்டை. அந்தப் போட்டியில் அதிக ஓட்டம் எடுத்தவர் அவர்தான். அந்த வெற்று மரத்தைப் பார்த்து எத்தனை கம்பெனிக்காரர்களுக்கு இருப்புக் கொள்ளாமல் போயிருக்கும் என்று இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அப்போது நாங்கள் யாரும் அதைக் கவனித்ததாக ஞாபகம் இல்லை. வெறுமை கண்ணில் படுவதற்கு முன்னால் ஒட்டு பழகியிருக்க வேண்டும்.

சட்டை விஷயம் இன்னும் விநோதம். இந்திய அணியின் நெஞ்சில் ஏறிய பெயர்களை மட்டும் வைத்துக்கொண்டு முப்பது வருஷத்து இந்திய முதலாளித்துவத்தின் சரித்திரத்தை எழுதிவிடலாம். முதலில் சிகரெட் கம்பெனியின் பெயர். பிறகு சஹாரா. பிறகு தொலைக்காட்சி, சீனத்துச் செல்போன், டியூஷன் சொல்லிக்கொடுக்கிற பைஜூஸ், பந்தயம் கட்டுகிற டிரீம்11. பைஜூஸ் 158 கோடி ரூபாய்ச் சொச்சம் பாக்கி வைத்ததற்காகக் கிரிக்கெட் வாரியம் திவால் மனுப்போட, 2024 ஜூலையில் தீர்ப்பாயம் அதை ஏற்றது. 2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்து சட்டம் வந்ததும் டிரீம்11 கழன்றுகொண்டது. ஆசியக் கோப்பையில் சட்டை வெறுமையாக இருந்தது. அந்தக் காலியிடத்தைத்தான் ஒரகடத்திலும் ஆலை வைத்திருக்கிற டயர்க் கம்பெனி 2028 மார்ச் வரை எடுத்துக்கொண்டது. 579 கோடி என்று பத்திரிகைகள் எழுதின. இருதரப்புத் தொடர்களில் 121 ஆட்டம், உலகப் போட்டிகளில் 21 ஆட்டம்.

வகுத்துப் பார்த்தேன், பழக்கதோஷம். ஓர் ஆட்டத்துக்கு 4 கோடிக்கு மேல் வருகிறது. மாதம் 14,000 ரூபாய் கையில் வாங்குகிற ஒரு காண்ட்ராக்ட் பையன் அந்தத் தொகையைச் சேர்க்கச் சாப்பிடாமல் சுமார் 240 வருஷம் வேலை செய்யவேண்டும். இந்த மாதிரிக் கணக்கு மலிவானது என்று எனக்குத் தெரியும். இதைப் போட்டுக் காட்டிக் கண்ணீர் வரவழைக்கிற கட்டுரைகள் நிறைய வந்தாகிவிட்டன. இந்தக் கணக்கால் எதுவும் விளங்குவதில்லை என்பதுதான் அதன்மீது என் புகார். அந்த 4 கோடி நேராக ஆட்டக்காரனின் பைக்குப் போவதில்லை. வாரியத்துக்குப் போய் அங்கிருந்து பங்காக இறங்குகிறது. இரண்டு தொகைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதைவிட இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துப் படிப்பது பிரயோஜனம்.

ஒப்பந்தம் வருவதற்கு முன்னால் உத்தியோகம் இருந்தது. ரயில்வே, பாங்க், மின்வாரியம், பெரம்பூர் பெட்டித் தொழிற்சாலை. விளையாட்டு ஒதுக்கீட்டில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, காலையில் கையெழுத்துப் போட்டு, மாலையில் மைதானத்துக்குப் போய், ஐம்பத்தெட்டு வயதில் ஓய்வூதியத்தோடு வீட்டுக்கு வந்தவர்கள் ஒரு பெரிய கூட்டம். காட்கியில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த தன்ராஜ் பிள்ளை மஹிந்திராவுக்காக ஹாக்கி ஆடினார். தோனி 2001-லிருந்து சில வருஷம் கரக்பூரில் ரயில்வே டிக்கெட் பரிசோதகர். 1983-ல் உலகக் கோப்பையோடு திரும்பியவர்களுக்குக் கொடுக்க வாரியத்திடம் பணமில்லாமல், டெல்லியில் லதா மங்கேஷ்கரைப் பாடவைத்து வசூல்செய்து ஆளுக்கு ஒரு லட்சம் கொடுத்தார்கள். அந்தக் காலத்தைப் பொற்காலமாக்க எனக்கு விருப்பமில்லை. சலாம் போட்டு வாங்கிய உத்தியோகங்கள் அவை. மேலதிகாரியின் மகன் கல்யாணத்தில் நாற்காலி தூக்கிய சர்வதேச ஆட்டக்காரர்களை எனக்குத் தெரியும். ஆனால் அங்கே விலை போனது மனிதனின் நேரம் மட்டும். முகம் வீட்டுக்குத் திரும்பி வந்தது.

முகம் தனியாகக் கழன்றது வெளிநாட்டில்தான். 1960 வாக்கில் மார்க் மெக்கார்மக் என்ற அமெரிக்க வக்கீல் ஆர்னால்டு பால்மர் என்ற கோல்ஃப் ஆட்டக்காரரோடு கைகுலுக்கி ஆரம்பித்த வியாபாரம் அது. ஆட்டத்தில் ஜெயிக்கிற பணத்துக்கு எல்லையுண்டு, பெயருக்கு எல்லையில்லை என்று கண்டுபிடித்தவர் மெக்கார்மக். 1984-ல் மைக்கேல் ஜோர்டன் நைக்கியோடு போட்டுக்கொண்ட ஒப்பந்தம் இன்னொரு படி: தன் பெயரில் விற்கிற ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு பங்கு. கூடைப்பந்து ஆடிய காலம் முழுக்க அவர் வாங்கிய சம்பளம் 10 கோடி டாலரைத் தொடவில்லை; செருப்பு அதை எப்போதோ தாண்டிவிட்டது. 2019-ல் ஃபெடரர் ஒரு சுவிஸ் காலணிக் கம்பெனியில் பங்குதாரராகவே சேர்ந்தார். நம்மூரில் தோனி சென்னை டிரோன் கம்பெனியான கருடாவில் விளம்பர முகமும் பங்குதாரரும் ஆனது 2022-ல். கூலி, வாடகை, ராயல்டி, பங்கு என்று படியேறுகிறது. நம் தொழிலாளி முதல் படியில் நிற்கிறான். இதை எழுதுகிறவன் இரண்டாவதில் வைக்க ஏதாவது தன்னிடம் உண்டா என்று பார்த்துக்கொண்டிருக்கிறான்.

இந்தியாவில் இதைத் தொடங்கிவைத்தது 1995-ல் மார்க் மாஸ்கரனாஸின் வேர்ல்டுடெல் டெண்டுல்கரோடு செய்துகொண்ட ஐந்து வருஷ ஒப்பந்தம். சுமார் 30 கோடி என்று அப்போது பேச்சு. அதன் விசேஷம் தொகையில் இல்லை. அது ஓர் உத்தரவாதம்: விளம்பரங்கள் வந்தாலும் வராவிட்டாலும் இவ்வளவு தருகிறேன் என்று ஒருவன் இன்னொருவனின் நாளையை இன்றைக்கு வாங்கிக்கொண்டான். எங்கள் பக்கத்தில் மாந்தோப்பைப் பூவிலேயே குத்தகைக்கு எடுப்பார்கள். காய் பிடித்தால் அவனுக்கு, காற்றில் உதிர்ந்தாலும் அவனுக்கு. தோப்புக்காரன் நிம்மதியாகத் தூங்குவான்.

இப்படி உடம்பும் முகமும் தனித்தனிச் சொத்தாகப் பிரிந்ததும் ஒரு தத்துவச் சிக்கல் எழுந்தது. அதைத் தீர்க்கும் பொறுப்பு, நமது விமர்சகர்கள் யாருக்கும் கிடைக்காமல், வருமான வரித் தீர்ப்பாயத்துக்குக் கிடைத்தது. டெண்டுல்கர் வெளிநாட்டுக் கம்பெனிகளின் விளம்பரங்களில் தோன்றிச் சம்பாதித்த சுமார் 5.92 கோடி ரூபாயில் 1.77 கோடிக்குக் கழிவு கேட்டார். கலைஞர்களுக்கு அந்தக் கழிவைக் கொடுத்த 80ஆர்ஆர் என்ற பிரிவின் கீழ். தான் செய்வது நடிப்பு, ஆகவே தான் நடிகன் என்றார். அதிகாரி, 'நீர் கிரிக்கெட் ஆட்டக்காரர், விளம்பரம் உம்முடைய தொழில் அல்ல' என்றார். 2011-ல் மும்பை தீர்ப்பாயம் டெண்டுல்கர் பக்கம் தீர்த்தது. காமிரா முன்னால் நிற்பதற்கும் கற்பனையும் திறமையும் வேண்டும், அது கலைதான் என்கிற வகையில் போனது வாதம். அந்தப் பிரிவின் வாசகத்தைத் தேடிப் படித்தேன். அதில் முதலில் வருகிற தொழில் எழுத்தாளன். பிறகு நாடகாசிரியன், கலைஞன், இசைக்காரன், நடிகன், கடைசியில்தான் விளையாட்டு வீரன். இந்திய அரசாங்கம் நம்மை முன்வரிசையில் உட்காரவைத்த ஒரே இடம் அதுவாகத்தான் இருக்கும். அந்தக் கழிவும் 2004-05 வாக்கில் தேய்ந்து இல்லாமல் போயிற்று.

இரண்டாவது வழக்கு எனக்கு இன்னும் முக்கியம். சௌரவ் கங்குலி ஐ.பி.எல்லில் கொல்கத்தா அணிக்கு ஆடி வாங்கிய பணத்துக்குச் சேவை வரி கேட்டார்கள். அணியின் முதலாளிக்கு நீர் வியாபார உதவி செய்திருக்கிறீர், அவர் கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு விளம்பரம் செய்திருக்கிறீர், அது சுதந்திரமான ஒருவர் அளித்த சேவை என்பது அரசின் கட்சி. 2016 ஜூன் 30-ல் கல்கத்தா உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஆட்டக்காரர் முழுக்க முழுக்க அணி முதலாளியின் கட்டுப்பாட்டில் இருந்தார். அவர் சொன்னபடி நடக்கவேண்டும், கொடுத்த உடையைப் போடவேண்டும், அதில் தன் இஷ்டத்துக்கு ஒரு சின்னம்கூட ஒட்டமுடியாது. ஆகவே அவர் நிலை ஊழியனுடையது என்றது நீதிமன்றம். (அதே வழக்கில் அவர் பத்திரிகைகளுக்குக் கட்டுரை எழுதி வாங்கிய பணத்துக்கும் வரி கேட்டிருந்தார்கள். இந்தப் பத்திரிகையில் எழுதுகிற எவருக்கும் அந்த ஆபத்து வராது.)

இதைப் படித்த அன்று நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஏனென்றால் ஊழியனா இல்லையா என்ற இதே கேள்விதான் இந்தச் சாலையில் நாள்தோறும் கேட்கப்படுகிறது. பதில் மட்டும் தலைகீழ். இங்கே கம்பெனியின் எந்திரத்தில், கம்பெனி மேற்பார்வையாளன் சொன்னபடி, கம்பெனி கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, கம்பெனியின் மணி அடித்தபோது சாப்பிடுகிறவன் கம்பெனியின் ஊழியன் இல்லை. ஆள் அனுப்பும் காண்ட்ராக்டரின் ஊழியன். 1970-ல் ஒப்பந்தத் தொழிலாளர் முறையை ஒழுங்குபடுத்தவும் ஒழிக்கவும் ஒரு சட்டம் போட்டார்கள். ஒழிப்பது என்ற சொல் அதன் தலைப்பிலேயே இருந்தது. கட்டுப்பாடுதான் ஊழியனின் அடையாளம் என்றால் ஒரகடத்தில் யார்தான் ஊழியன் இல்லை? கோடீஸ்வரன் ஊழியன் என்று பெயர் பெற்று வரியிலிருந்து தப்பிக்கிறான். கூலிக்காரன் அதே பெயரைப் பெற முடியாமல் போனஸை இழக்கிறான். இதில் கங்குலியைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. அவர் தன் தாளைச் சரியாகப் படிக்கவைத்தார். படிக்கவைக்க வக்கீல் வேண்டும்.

என் அக்கா மகன் ஒருவன் இருக்கிறான். இருபத்துநாலு வயது. பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் முடித்துவிட்டு ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில், பெயர் வேண்டாம், பிரஸ் ஷாப்பில் காண்ட்ராக்டில் இருக்கிறான். மேலே சொன்ன 14,000 அவனுடையதுதான். ஞாயிறு ஆனால் டென்னிஸ் பந்து கிரிக்கெட். கோடையில் ஏரி வற்றிவிட்டால் அதன் வயிறு முழுக்க ஆடுகளம். இந்தப் பக்கம் ஓர் ஆட்டம், கருவேலத்துக்கு அந்தப் பக்கம் இன்னோர் ஆட்டம். நுழைவுக் கட்டணம், முதல் பரிசு, ஆட்ட நாயகனுக்கு ஒரு மிக்ஸி. வேகமாகப் போடுவான். டென்னிஸ் பந்தில் வேகம் எடுப்பது தோளைப் பிய்த்துக்கொள்கிற காரியம். கனமில்லாத பந்து, முழு விசையும் கையிலிருந்துதான் வரவேண்டும். சுற்றுவட்டாரத்து அணிகள் அவனைக் கூலிக்கு அழைத்துப்போகும். ஓர் ஆட்டத்துக்கு 1,000 ரூபாய், வண்டிக்குப் பெட்ரோல், மதியம் பிரியாணி. ஒரு ஷிப்டுக்கு வருவதைவிட அதிகம்.

இந்தப் பையன்கள் எல்லோருக்கும் நடராஜன் ஒரு தெய்வம். சேலத்துப் பக்கம் சின்னப்பம்பட்டி. தறியில் கூலிவேலை செய்த தகப்பன், சாலையோரத்தில் கோழிக்கறி விற்ற தாய், டென்னிஸ் பந்து. 2017 ஏலத்தில் பஞ்சாப் அணி 3 கோடிக்கு எடுத்தது. அடுத்த வருஷம் அதே கையின் விலை 40 லட்சம். 2022-ல் 4 கோடி. 2024 நவம்பர் ஏலத்தில் டெல்லி 10.75 கோடி கொடுத்துவிட்டு அந்தப் பருவத்தில் பெரும்பாலும் வெளியிலேயே உட்காரவைத்தது. இந்த நான்கு எண்களையும் பையன்கள் திருக்குறள் மாதிரி ஒப்பிப்பார்கள், ஆனால் 40 லட்சத்தை விட்டுவிட்டு. எனக்கு அந்த எண்தான் முக்கியமாகப் படுகிறது. யார்க்கர் அதே யார்க்கர்தான். நடுவில் முழங்கையும் முழங்காலும் அறுவைசிகிச்சையும் இருந்தன. கபடியிலும் இதைப் பார்த்தோம். 2022-ல் தமிழ் தலைவாஸ் பவன் ஷெராவத்தை 2.26 கோடிக்கு எடுத்தது, முதல் ஆட்டத்திலேயே முழங்கால் போய் அந்தப் பருவமே அவருக்கு முடிந்தது. அடுத்த ஏலத்தில் தெலுங்கு டைட்டன்ஸ் 2.605 கோடிக்கு எடுத்தது. உடம்பு உடைந்தால் விலை இறங்கும் என்றுகூட நம்பிக்கையாகச் சொல்லிவிட முடியவில்லை. நடராஜன் 2023-ல் தன் ஊரில் ஒரு மைதானம் கட்டித் திறந்தார். ஏலத்தொகையை நிலமாக்கிக்கொண்ட அந்தக் காரியம் மற்ற எல்லா முதலீட்டு யோசனைகளையும்விட எனக்குப் புரிகிறது.

இருங்காட்டுக்கோட்டையில் வேறு கதை. சோழவரத்து விமான ஓடுபாதையில் பந்தயம் நடத்திக்கொண்டிருந்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1990 வாக்கில் இங்கே சொந்தத் தடம் போட்டது. பந்தய வார இறுதிகளில் அதன் இரைச்சல் வயலைத் தாண்டி வரும். இந்த விளையாட்டில் பணம் எதிர்த்திசையில் ஓடுகிறது: ஓட்டுகிறவன் ஸ்பான்ஸரைப் பிடித்துக்கொண்டு வந்து அணிக்குக் கொடுத்தால்தான் இருக்கை. திறமை இருந்தால் போதாது. திறமையோடு ஒரு கம்பெனியைக் கூட்டிவர வேண்டும். நாராயண் கார்த்திகேயன் 2005-ல் ஜோர்டன் அணியில் இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் ஓட்டுநராக அமர்ந்தபோது பின்னால் இந்தியக் கம்பெனிகளின் பணம் இருந்தது. அவருடைய புள்ளிக்கணக்கில் இருப்பது மொத்தம் 5 புள்ளி. அவை கிடைத்தது அந்த வருஷத்து அமெரிக்கப் பந்தயத்தில். மிஷலின் டயர்கள் தாங்காது என்று 14 கார்கள் விலகிப்போக, மிச்சமிருந்த ஆறில் நான்காவதாக வந்தார். டயர் கொடுத்த புள்ளி என்று சிரிக்கிறவர்கள் உண்டு. நான் சிரிக்கமாட்டேன். கோயம்புத்தூரிலிருந்து அந்த ஆறு காருக்குள் போய்ச் சேர்ந்ததே பெரிது. அதே தடத்தில் 2023 ஆகஸ்டில் மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் விழுந்து ஒரு 13 வயதுப் பையன் செத்துப்போனான். ஸ்பான்ஸர்களின் பெயர் எழுதிய சுவருக்குப் பக்கத்தில்.

புரவலன் பெயரைச் சுமந்து திரிவது நமக்குப் புதிதா என்று யாராவது கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். பத்துப்பாட்டில் ஐந்து ஆற்றுப்படை. பரிசில் வாங்கி வந்தவன் வாங்கப்போகிறவனுக்கு வழி சொல்கிற பாட்டு. அதில் பெரும்பாணாற்றுப்படை வழிகாட்டுவது காஞ்சியில் இருந்த தொண்டைமான் இளந்திரையனிடம். இன்று லாரிகள் நகராமல் நிற்கிற இந்தப் பிரதேசத்துக்குத்தான் அவன் தலைவன். அதைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனாருக்குப் பட்டினப்பாலைக்காகக் கரிகாலன் பதினாறு நூறாயிரம் பொன் கொடுத்தான் என்று கலிங்கத்துப்பரணி ஒரு கணக்குச் சொல்கிறது. உலகத்தில் எந்தக் கவிஞனும் அதற்குப் பிறகு அந்த விலைக்குப் போகவில்லை. ஆனால் பாணன் ஒரு பாட்டில் ஒரு தலைவனைப் பாடிவிட்டு அடுத்த ஊருக்குப் போகலாம். இன்னொருவனைப் பாடக்கூடாது என்று அவனிடம் எழுதி வாங்கவில்லை. பரிசில் குறைந்தால் சண்டைபோட்டுவிட்டு வாசலிலேயே போட்டுவிட்டுப் போன புலவர்கள் உண்டு. கோபம் அவர்களுடைய சொத்தாக இருந்தது. இன்றைய விளம்பர ஒப்பந்தத்தில் நன்னடத்தை என்று ஒரு விதி இருக்கிறது. வாய்தவறி ஒன்று பேசிவிட்டால் கம்பெனி கழற்றிக்கொள்ளலாம். முகத்தை வாங்கியவன் கோபத்தையும் சேர்த்து வாங்கிவிடுகிறான்.

போன சித்திரையில் ஒரு ராத்திரி, இரண்டாவது ஷிப்ட் முடிந்து, அக்கா மகன் வீட்டுக்கு வந்தான். கையில் மடித்த முத்திரைத்தாள்.

'மாமா, இதக் கொஞ்சம் படிச்சுப் பாருங்க. ஞாயித்துக்கெழமைக்குள்ள கையெழுத்துப் போட்டுக் குடுக்கணுமாம்.'

அவனை ஆலைக்கு அனுப்பியிருக்கிற காண்ட்ராக்டர் ஒரு கிரிக்கெட் அணி ஆரம்பிக்கிறார். சிப்காட்டுக்கு நிலம் கொடுத்து, வந்த பணத்தில் இரண்டு வேன் வாங்கி, வேனில் ஆள் ஏற்றி, படிப்படியாக முன்னூறு ஆளுக்கு எஜமானரானவர். வில்லன் இல்லை. பையன்களுக்கு ஜுரம் என்றால் தன் வண்டியிலேயே அழைத்துப்போவார். கொரோனா காலத்தில் அரிசி கொடுத்தார். தாளில் எட்டு வரி, தமிழில். ஒரு வருஷத்துக்கு இவன் வேறு அணிக்கு ஆடக்கூடாது. ஆட்டத்துக்கு 1,500. டோர்னமென்ட் நாட்களில் ஆலையில் வருகை குறித்துக்கொள்ளப்படும். அணியின் சட்டையைத்தான் போடவேண்டும். படம் எடுத்தால் அந்தச் சட்டையில்தான். அணிக்குக் கெட்ட பெயர் வரும்படி நடந்தால் நீக்கலாம். மைதானத்தில் படும் காயத்துக்கு ஆட்டக்காரரே பொறுப்பு.

திரும்பத் திரும்பப் படித்தேன். பிரத்தியேக உரிமை, பிம்ப உரிமை, நன்னடத்தை, காலக்கெடு, காயம். கோடிக்கணக்கில் போகிற தாளில் இருக்கிற எலும்பு எதுவும் இதில் விடுபடவில்லை. எழுதியவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கமாட்டார்கள். ஒரு மனிதனின் உடம்பை வாடகைக்கு எடுக்க உட்கார்ந்தால் தானாக இந்த வரிசையில்தான் வரும்போலிருக்கிறது.

'இதுல என்னடா கேக்கப்போற?'

'ரெண்டாயிரம் கேக்கலாமா மாமா?'

'தோளு போச்சுன்னா?'

அவன் பேசவில்லை. வலது தோளை ஒருமுறை சுழற்றிப் பார்த்துக்கொண்டான், தெரியாமலே.

தொழிற்சாலையில் விரல் போனால் அது வேலைக்காயம், இ.எஸ்.ஐ. இழப்பீடு உண்டு, விரலுக்கு இவ்வளவு சதவீதம் என்று அட்டவணையே இருக்கிறது. ஏரியில் தோள் போனால் அது எந்த அட்டவணையிலும் வராது, அன்றைக்கு அவன் ஆலையில் வேலைசெய்ததாக மஸ்டரில் குறித்திருந்தாலும்கூட. அதிலும் ஒரு விபரீதம் உண்டு: தோள் போனால் திங்கட்கிழமை பிரஸ் ஷாப்பில் தகடு தூக்குவதும் போகும். பெரிய ஆட்டக்காரனுக்கு ஆட்டத்தின் காயம் ஆட்டத்தின் வருமானத்தை வெட்டும். விளம்பரம் கொஞ்சகாலம் தாங்கும். இவனுக்கு இரண்டும் ஒரே தோளில் தொங்குகின்றன. இரண்டு கயிற்றையும் பிடித்திருப்பது ஒரே ஆள்.

காசை விட்டுவிடு, கடைசி வரியைப் பிடி என்றேன். காயம் பட்டால் வைத்தியச் செலவு அணியுடையது, குணமாகும்வரை வேலையிலிருந்து நீக்கக்கூடாது என்று இரண்டு வாக்கியம் எழுதிக் கொடுத்தேன். ஆயுளில் நான் எழுதியவற்றில் யாரோ ஒருவர் கையெழுத்துப் போடவேண்டும் என்று எதிர்பார்த்து எழுதிய வாக்கியங்கள் அவைதான். அக்கா, பையன் கல்யாணத்துக்கு முன்னால் எலும்பு உடையக்கூடாது என்று வல்லக்கோட்டை முருகனுக்கு வேண்டிக்கொண்டாள்.

காண்ட்ராக்டர் கோபித்துக்கொள்ளவில்லையாம். 'ஒங்க மாமா ஆபீஸ்ல இருக்கறவரு, அப்டிதான் எழுதுவாரு' என்று சிரித்தாராம். முதல் வாக்கியத்தில் 'வைத்தியச் செலவு' என்பதை அடித்துவிட்டு 'முதலுதவி' என்று பேனாவால் எழுதினார். இரண்டாவதை அப்படியே விட்டுவிட்டார். அது எனக்கு ஆச்சரியம்தான். கவனிக்காமல் விட்டாரா, கோர்ட்டுக்கு யார் போகப்போகிறார்கள் என்று விட்டாரா, அல்லது நிஜமாகவே மனம் ஒப்பி விட்டாரா என்று தெரியவில்லை. பையன் கையெழுத்துப் போட்டுவிட்டான். 1,500 ரூபாய் 1,700 ஆயிற்று.

சட்டை வந்திருக்கிறது. மஞ்சள், பிரகாசமான துணி. நெஞ்சில் காண்ட்ராக்டரின் ஆள் அனுப்பும் நிறுவனத்தின் பெயர், செல்போன் எண்ணோடு. தோளில் ஒரு டயர்க் கடையின் பெயர். கடைக்காரர் பந்து வாங்கித் தருகிறாராம். முதுகில் எண் மட்டும். பெயர் போட்டால் அடுத்தவன் போட்டுக்கொள்ள முடியாது என்று பெயர் போடவில்லை. அச்சடிக்கிறவன் தனியாக 80 ரூபாய் கேட்கிறான் என்று சொன்னான். கொடுத்தேன். நாளை மறுநாள் வாலாஜாபாத்தில் முதல் ஆட்டம். காலை ஏழரைக்கு டாஸ்.